பக்கத்து வயலில் விழுந்த நாற்று

காலை 5.20க்கு மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். வாடிப்பட்டியில் இறங்கும்போது மணி 6.15. அங்கிருந்து சோழவந்தானுக்கு வாய்க்கால் கரையோரம் நடப்பதாகத் திட்டம். டீக்கடை முன்னால் நின்ற குட்டியானை வண்டியில் பதினாறு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடவுக்குப் போகிறார்களாம். டிரைவரிடம் கேட்டேன், பின்னால் தொற்றிக்கொள்ளச் சொன்னார்.

7.00. வயல் ஒன்றரை ஏக்கர். சொந்தக்காரர் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறார், எல்லாம் போனில்தான். அன்று மாலை ஆறு மணியோடு அந்த மடையில் தண்ணீர் முறை முடிகிறது. முந்தின நாளே நாற்றைப் பறித்து வரப்பில் குவித்துவிட்டார்கள். ஆறுக்குள் நட்டு முடிக்காவிட்டால் சேறு இறுகிவிடும், நாற்றும் வாடிப்போகும்.

குழுத் தலைவி பாண்டியம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அங்கே வழக்கம், முதல் நாற்றைத் தலைவி ஊன்ற வேண்டும். அவர் இறங்கி ஊன்றினார், மற்றவர்கள் குலவை போட்டுப் பின்னால் இறங்கினார்கள். அதன்பிறகு குனிந்த தலை நிமிரவில்லை.

9.10. மொபெட்டில் வந்த ராமர் என்பவர் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏம்மா, என் வயல்ல எதுக்கு நடுறீக?”

மோட்டார் ரூமுக்குக் கிழக்கே என்று போனில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வண்டி எதிர்க்கரை வழியாக வந்து நின்றதில் திசை மாறிவிட்டது. இரண்டு வயலும் ஒன்றுபோல உழுது தண்ணீர் கட்டிக் கிடந்தன. கால் ஏக்கர் நட்டாகிவிட்டது. டிரைவர் சரியாகச் சொல்லவில்லை என்றாள் ஒருத்தி. நாற்றை அந்த வரப்பில் குவித்தவன்மேல் பழி போட்டாள் இன்னொருத்தி. பிடுங்கி நடலாம் என்றார்கள் சிலர்.

“மொதல்ல ஊன்னது நானு. தப்பு என்னுது,” என்றார் பாண்டியம்மாள். “பிடுங்குனா வேரு போயிரும். யாரும் கை வைக்காதீக.”

ராமரிடம் என்ன நெல் ரகம் என்று கேட்டார். கோ 51. இவர்களுடையதும் அதுதான். அவருடைய நாற்றங்கால் மூலையில் தயாராக நின்றது, நடத்தான் ஆள் கிடைக்கவில்லையாம்.

“அப்ப நட்டது ஒங்களுக்கு இருக்கட்டும்ணே. ஒங்க நாத்துல அம்புட்டுக்குப் பறிச்சுக்கிறோம்.”

ராமர் நாற்றையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார்.

பாண்டியம்மாள் வில்லாபுரத்துக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். பிறகு ஐந்து பேரைப் பறிக்க அனுப்பி, மற்றவர்களோடு சரியான வயலில் இறங்கினார். என்னைப் பார்த்தார்.

“அண்ணே, வேடிக்கை பாத்தது போதும். நாத்தைச் சுமங்க.”

சுமந்தேன். ஈர நாற்று கழுத்தை இழுத்தது. மதியம் வரப்பிலேயே கால்மணி நேரம் சோறு, எனக்கும் ஒரு தூக்குச்சட்டி மூடியில் புளிச்சோறு கிடைத்தது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் நான் மேஸ்திரியாக இருந்திருக்கிறேன். மழை வந்த அன்று தார்ப்பாயை மூடாதவன் யார் என்று விசாரித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் மிச்சமிருந்த சுடாத பச்சைக்கல்லும் கரைந்துவிட்டது. வேலை போனது. அது ஏன் போனது என்று இந்த வரப்பில்தான் முழுதாகப் புரிந்தது.

5.40. கடைசி நாற்றை ஊன்றினார்கள். சொன்னபடி ஆறுக்கு மடை அடைபட்டது. ஒன்றரை ஏக்கரும் பச்சையாக நின்றது.

பாண்டியம்மாள் வரப்பில் உட்கார்ந்து டீயை வாங்கினார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எம்புட்டு பயந்தேன்னு இவளுகளுக்குத் தெரியாதுண்ணே. சொல்லிராதீக.”

குழுவில் ஒருத்தியான சுமதி, பின்னால் கால் கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்:

“தெரியும்க்கா. அதான் ஒருத்தியும் நிமிந்து ஒன்னையப் பாக்கல.”

சோழவந்தான் போகவில்லை. வாடிப்பட்டியில் இறக்கிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, மதுரை வரை தூங்கினேன்.