அந்தோனியாரின் அறக்குளா

"அக்கா, வாங்கப் போறீங்களோ, பாத்துக்கொண்டே நிக்கப் போறீங்களோ?"

இன்று காலை மன்னார்ச் சந்தையில் மீன் விற்கிறவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய தட்டில் கிடந்த இரண்டு விளைமீன்களை நான் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றின் வால் மற்றதன் செவுளில் சாய்ந்து கிடந்த விதம் அப்படி. "ரெண்டும்தான்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டையும் பையில் போட்டார். வால் கலைந்துபோனது. அதற்குள் அடம்பன் பஸ்ஸும் போய்விட்டது. கந்தோருக்கு இன்றைக்கும் அரை நாள் லீவு.

நான் படமாகக் கீறுவதெல்லாம் மேசையில் கிடக்கிற சாமான்களைத்தான். மீன், பாண், எனாமல் கோப்பை, பாதி உரித்த வெங்காயம். ஒருவரும் படிப்பிக்கவில்லை, நானாகத்தான் பழகினேன். முகம் மட்டும் வராது. ஒருமுறை அக்காவைக் கீறிக் காட்டப்போய், அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. வெங்காயம் அப்படிக் கோபிக்காது.

பையிலிருந்து ஐஸ் தண்ணீர் காலில் சொட்டியபோது பழைய ஐஸ் கொம்பனியின் மணம் அப்படியே வந்துவிட்டது. டீசலும் மீனும் ஈரச் சாக்கும் கலந்த மணம். என் முதல் வேலை அங்கேதான். மீன்பிடிப் போட்டுக்காரர் ஐஸ் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். மத்தியானம் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஐஸ் அறைக்குள் போய்விடுவேன். வேறெங்கே மீனை வைத்துக் கீறுவது? எங்கள் வெயிலுக்கு மீனின் கண் உடனே பால் போல வெளுத்துவிடும். போட்டுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற், மீன்பெட்டியின் மூடிப் பலகை, அண்ணனின் பழைய சுவெட்டர், மூக்கு ஒழுக ஒழுக நான். குளிருக்குள் பெயின்ற் லேசில் காயாது. அதனால் பலகையை எஞ்சினுக்குப் பக்கத்தில் சாத்திவைப்பேன். கலை என்றால் சும்மாவா!

மனேச்சர் கண்டும் காணாதவர்போல இருந்தார். எங்கள் அந்தோனியார் கோயிலுக்கு மூப்பரும் அவரேதான். கொம்பனியிலும் கோயிலிலும் ஒரே அதட்டல்.

அந்த நாளில் எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள் வலையில் படுகிற நல்ல மீனை நேர்த்திக்கடனாகக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் வாசலில் வைத்து அதை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் சமைத்து தன் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் கறி கொடுக்க வேண்டும். அந்த வருசம் வந்தது ஒரு அறக்குளா. வெள்ளைத் துணியில், முதுகு நீலம் மங்காமல் கிடந்தது. ஐயோ, அந்த நீலம்! கையில் இருந்த சம்பளத்தை மறந்து ஏலம் கேட்டேன். எடுத்தும்விட்டேன்.

"பாருங்கோ, எங்கட பிள்ளைக்குப் பக்தி வந்திட்டுது" என்றார் மூப்பர், எல்லோருக்கும் கேட்க.

மீன் வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஐஸ் அறைக்குப் போனது. மத்தியானம் ஒழுங்கைச் சனம் சட்டியோடு எங்கள் வாசலில் நின்றது. அம்மா வெறும் அடுப்பை விட்டுவிட்டுக் கொம்பனிக்கே வந்துவிட்டார்.

"மீன் எங்கையடி?"

"கீறிக்கொண்டிருக்கிறன் அம்மா. நாளைக்குத் தாறன்."

"சனம் சட்டியோட நிக்குது! படத்தையே காய்ச்சிக் குடுக்கிறது?"

மறுநாள் பின்னேரம் படத்தை முடித்து, மீனையும் பலகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐஸில் கிடந்த மீனுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா ஏசிக்கொண்டே காய்ச்சினார். ஒழுங்கையும் ஏசிக்கொண்டே தின்றது. ஒரு சட்டியிலும் மிச்சம் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மூப்பரும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"நேர்ந்த மீனை நீ விளையாட்டுக்கு எடுத்தனி. அது அந்தோனியாற்றை மீன். அந்தப் பலகையில மீனை அழிச்சுப்போட்டு அவரைக் கீறிக் கோயிலுக்குத் தா. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதை."

அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் என் கையில் முதன்முதல் சரியாக வந்த நீலம் அந்தப் பலகையில்தான் இருந்தது. அதை அழிப்பதா? என் கையாலேயா?

"சேர், ஆக்கள் கேக்கேல்லையெண்டு மீனுகளுக்குப் பிரசங்கம் வைச்சவரெல்லே அந்தோனியார்? மீனை அழிச்சா அவருக்குத்தான் கோவம் வரும். நான் அழிக்கமாட்டன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது. மூப்பர் பலகையைத் தூக்க எழும்பினார். அதுவரை என்னைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்த அம்மா அகப்பையும் கையுமாகக் குறுக்கே வந்து நின்றார்.

"கை வைக்காதேங்கோ. பெயின்ற் இன்னும் காயேல்லை."

மறுநாள் வழமைபோல வேலைக்குப் போனேன். வராதே என்றது அவர். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லையே! என் கதிரையில் போய் இருந்தேன். வெளியே போட்டுக்காரர் ஐஸுக்குச் சத்தம் போட்டார்கள். மனேச்சர் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"சீட்டை எழுது" என்றார்.

அன்றைக்கே ஐஸ் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. மத்தியானத்தில் திறப்பு அவருடைய சேட்டுப் பையில்தான் இருக்கும். பூட்டினால் பூட்டட்டும். நான் வேலைக்குப் போகுமுன் வீட்டிலேயே கீறப் பழகினேன். முதல் நாள் பின்னேரம் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோவேன், முறைப்படி சீட்டு எழுதித்தான். ஐஸ் உருகி முடியுமுன் மீனையும் முடிக்க வேண்டும். என் கை வேகமானது அப்படித்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்லமாட்டேன்.

கொம்பனி இப்போது இல்லை. எஞ்சின் நின்ற இடத்தில் ஆடு படுக்கிறது. மூப்பர் போய்விட்டார். அம்மாவும் போய்விட்டார், அகப்பை மட்டும் இருக்கிறது. திருநாள் நடக்கிறது, ஆனால் நேர்த்தி என்றால் இப்போது உறையில் போட்ட காசுதான். வாசலில் வெள்ளைத் துணி விரிப்பதில்லை. சட்டியோடு ஒழுங்கையில் ஒருவரும் நடப்பதுமில்லை.

போன திருநாளுக்குக் கோயிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அந்தோனியாரைக் கீறித் தரட்டாம். எனக்கு முகம் வராது என்றேன். ஒருவர் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பலகையைப் பார்த்தார்.

"வடிவான மீன். என்ன மீனக்கா?"

"நேர்த்தி மீன்."

"அப்பிடியும் ஒரு மீன் இருக்கோ?" என்று கேட்டார் அவர்.

இருக்கிறது. எங்கள் கரையில் மிஞ்சிய ஒரேயொரு நேர்த்தி மீன் அதுதான். அதன்மேல் இன்றுவரை ஒருவரையும் கீறவில்லை.