இடது கதவில் ஒரு விசில்: லாயாங் லாயாங்கிலிருந்து பெக்கான் நானாஸ் வரை

போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கணவரும் ஜொகூர் மாநிலத்தைத் தாண்டாமலே 320 கிலோமீட்டர் சுற்றினோம். கடற்கரை, அருவி, கோயில் எதையும் பார்க்கவில்லை. எங்கள் காருக்குள் காற்று போட்ட ஒரு சத்தத்தைத் தேடிப் போனோம். கண்டுபிடித்தோம், சரியும் செய்தோம். அதில் என் பங்கு அதிகம் என்பதால் இந்தக் கட்டுரையில் தற்பெருமை சற்றுத் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இருபத்தெட்டு வருடம் பலகை மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். காது மந்தமாகி, ஆறு மாதத்துக்கு முன் இடது காதுக்குக் கருவி மாட்டினோம். வீட்டில் நன்றாகக் கேட்டது. ஆனால் நான் ஓட்டும் கார் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அவர் பக்கத்துக் கதவிலிருந்து ஒரு விசில் கிளம்பும். எனக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். கருவி அதைப் பெருக்கிக் கொடுத்ததால் அவருக்குத் தலைவலியே வந்துவிடும். உடனே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதன்பிறகு நான் என்ன பேசினாலும் காரில் நான் தனியாள்தான். கல்யாணமான நாளிலிருந்து வண்டியில் ஏறினால் வாய் ஓயாத ஜோடி நாங்கள். அந்த ஆறு மாதம் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அடுத்த மாதம் ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தோம். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். "நீ காடியில போ. நான் பஸ்ல வந்துக்கிறேன்" என்றார். கார் வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகப் போய் இறங்கினால் மகள் என்ன நினைப்பாள்? மறுநாளே பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரத் தம்பி காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பத்து வருஷத்துக் காடி, அக்கா. இப்படித்தான் இருக்கும் லா. ரேடியோவ கொஞ்சம் கூட்டி வச்சிக்கங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. செனாய்த் தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தண்ணீர் வடிகட்டிக்கான பிளாஸ்டிக் கூடுகளில் காற்றை அடைத்து, சோப்பு நீர் பூசி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஊசி முனை ஓட்டையைக்கூட விட்டதில்லை. என்னிடமா ரேடியோவைக் கூட்டச் சொல்வது?

முதல் ஞாயிறு காலை 7:10க்கு லாயாங் லாயாங்கில் புறப்பட்டோம். செடெனாக்கில் நெடுஞ்சாலை ஏறி, வடக்கே சிம்பாங் ரெங்கத்தில் இறங்கி, ரெங்கம் வழியாக வீட்டுக்குத் திரும்பினால் ஒரு சுற்று 62 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு டோல் நான்கு ரிங்கிட்டுக்கும் குறைவு. ஞாயிறு காலையில் லாரிகள் குறைவாக இருப்பதால் ஒரே வேகத்தில் ஓட்ட முடியும். இந்த வேலைக்கு அதுதான் முக்கியம்.

முதல் சுற்றில் எதையும் தொடவில்லை. கணவரைக் கருவியைக் கழற்றாமல் உட்காரச் சொன்னேன். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 83இல் விசில் தொடங்கியது, 100இல் உச்சம். அவர் கை தானாகக் காதுக்குப் போனது. அந்தக் கையையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் சுற்றுக்கு முன், அவர் பக்கத்துக் கதவில் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியின் அடிப்பகுதி, ஜன்னலுக்கு மேலே மழைக்காக ஒட்டும் பிளாஸ்டிக் வைசர் இரண்டையும் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் காகித டேப்பால் மூடினேன். ஒரு சுருள் ஐந்து ரிங்கிட். சத்தம் வைசரிலிருந்துதான் வருகிறது என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் முந்தின வாரமே அவர் பக்கத்துப் பின்கதவு வைசரைப் பிய்த்து எறிந்திருந்தேன். 83இல் அதே விசில். எறிந்த வைசருக்காக மனதுக்குள் வருந்தினேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் சுற்றுக்கு அவரை உள்ளே உட்காரவைத்து, இடது முன்கதவின் மேல் இடுக்கு முழுவதையும் வெளியிலிருந்து டேப் போட்டு மூடினேன். செடெனாக் தாண்டி 90, 100, 105. விசில் இல்லை. அவர் கை மடியிலேயே இருந்தது. நான் ஸ்டீரிங்கைத் தட்டிக் கூச்சலே போட்டுவிட்டேன். ஆனால் சிம்பாங் ரெங்கத்தில் அவருக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தது. டேப்பைப் பிரிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்ல, அறுபத்தொரு வயதில் கியரைத் தாண்டி என் பக்கத்துக் கதவு வழியாக இறங்கினார். "அலமாக், இதுக்கு பஸ்ஸே தேவல" என்று முனகிக்கொண்டே போனார். பகல் 12:40க்கு வீடு.

சாப்பிட்டதும் தொழிற்சாலை முறைக்கு வந்தேன். டேப்பை உரித்து, காரின் ஜன்னல்களை மூடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து, காரின் காற்றாடியை முழு வேகத்தில் விட்டேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பெயின்ட் பிரஷால் கதவு இடுக்கில் பூசினேன். மேல் மூலைக்குச் சற்றுப் பின்னால், ஒரே இடத்தில், குமிழிகள் கொத்தாகக் கிளம்பின.

கதவைத் திறந்து அந்த இடத்து ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று ராஃபியா முடிச்சுகள். மூட்டை கட்டுகிற பிளாஸ்டிக் கயிறுதான். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு முகம் சுருங்கியது. ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிப் பொட்டு வைத்து, கூரைமேல் மாவிலைத் தோரணம் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டுக் கதவுக்குள் விட்டுச் சாத்தினால் தோரணம் நழுவாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அக்கம்பக்கத்தில் நான்கு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். பூஜை முடிந்ததும் வெளியே நறுக்கிவிடுவேன். என் பக்கத்தில் விழும் முடிச்சை எடுத்துப் போட்டிருக்கிறேன். அவர் பக்கத்தை மூன்று வருடமும் திறந்து பார்க்கவே இல்லை.

அவர் மூன்றையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "ரொம்ப பலமாதான் கட்டியிருக்க" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முடிச்சுகளை எடுத்ததும் விசில் போய்விடும் என்று நினைக்காதீர்கள். மூன்று வருட அழுத்தத்தில் ரப்பர் அங்கே கிழிந்து பள்ளமாகியிருந்தது. ஒரு ரிங்கிட் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் மற்ற இடங்களில் இறுகிப் பிடித்தது. அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. புது ரப்பர் உடனே கிடைக்கவில்லை. பெக்கான் நானாஸ் பக்கம் பழைய கார்களைப் பிரித்து உதிரிப் பாகம் விற்கிற ஹமீது பாயிடம் இதே மாடல் ஒன்று வந்திருப்பதாக வேலையிடத்தில் ஒருவர் சொன்னார்.

இரண்டாம் ஞாயிறு காலை 8:00க்குக் கிளம்பி, கூலாய், செனாய் வழியாக 67 கிலோமீட்டர். செனாயில் தோசைக்கு நிறுத்தியதையும் சேர்த்து 9:50க்குப் போய்ச் சேர்ந்தோம். செனாய் தாண்டியதும் சாலை குறுகலாகும், செம்பனைத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் மாறி மாறி வரும். ஓட்ட இதமான பாதை. மழைநாளில் மட்டும் நிதானம் தேவை.

பாய் ஒரு ரப்பரை உருவி நீட்டினார். நான் வாங்கிக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தேன். ஓர் இடத்தில் அழுத்தினால் திரும்பி எழவில்லை. "இது வேணாம் பாய், மூலையில செத்துப்போச்சு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்து வந்தார். அதையும் முழுக்க அழுத்தி முடித்த பிறகுதான் தலையாட்டினேன்.

"அக்கா, நீங்க வொர்க்ஷாப் வச்சிருக்கீங்களா?"

"இல்ல பாய். காத்து புடிக்கிற வேலை."

விலை அறுபது ரிங்கிட். ரப்பரை நானே மாட்டினேன். முதலில் மேல் மூலைகள், பிறகு பக்கங்கள். எங்கேயும் இழுக்காமல், உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. பாய் தன் ஆட்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். சந்தோஷத்தில் சாலையோரக் கடையில் பத்து ரிங்கிட்டுக்கு மூன்று அன்னாசி வாங்கினேன்.

இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு: ஒரு சுற்றுக்கு ஒரே இடத்தில் டேப் ஒட்டுங்கள். நான் இரண்டு இடத்தை ஒன்றாக மூடினேன். அங்கே சத்தம் நின்றிருந்தால் எது காரணம் என்று தெரியாமல் இன்னொரு சுற்றுப் போயிருப்பேன். ஒரே பாதை, ஒரே வேகம், காற்றில்லாத காலை நேரம். டேப்பை வெயிலில் விடாமல் அன்றே உரித்துவிடுங்கள். நிச்சயமாகும் வரை எதையும் பிய்த்து எறியாதீர்கள். கதவைத் திறக்க முடியாமல் உட்காரப்போகிறவரை முதலில் கழிப்பறைக்கு அனுப்புங்கள். ஆயுத பூஜைக்குத் தோரணம் கட்டுகிறவர்கள் எல்லாக் கதவையும் திறந்து பாருங்கள், முக்கியமாக நீங்கள் உட்காராத பக்கத்தை.

திரும்பும்போது கூலாயில் நெடுஞ்சாலை ஏறினேன். 80, 83, 90. ஒன்றுமில்லை. 110 வரை போனேன். டயர் சாலையில் உருளும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. அவர் கருவி காதில் இருந்தது, கை மடியில் இருந்தது, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஒரு கிலோமீட்டர் போனது, ஐந்து போனது. வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு வாரமா நாயா அலைஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை நல்லாயிருக்குன்னு சொல்றாரா பாரு, மனுஷன்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். "பஸ்ல வர்றாராம் பஸ்ல. போகட்டுமே, எனக்கென்ன."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நீ திட்டுறது கேட்டுச்சு. ஆறு மாசம் ஆச்சு இல்ல? கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு வரலாம்னு சும்மா இருந்தேன்."

செடெனாக் டோல் வரை திட்டிக்கொண்டே ஓட்டினேன்.