குரங்குக்குக் கொடுத்த பாஸ்போர்ட்

போன வாரம் பக்கத்து வீட்டுச் செண்பகம் தன் மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கொண்டிருந்தாள் என்பது ஒரு மரியாதைக்கு. தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் தெருக்கோடிவரை ஓடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை. எங்கள் சங்கரன்கோவிலில் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அதற்கும் மேலே அவள் சத்தம்.

"திங்கியா இல்லியால? இல்லேன்னா குரங்குக்குக் குடுத்துருவேன்!"

எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் மகள் கோமு — இன்னும் மூன்று வயது முடியவில்லை — தலையைத் தூக்கினாள். பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்:

"குரங்குக்குக் குடுக்காதீங்க சித்தி. அது துப்பிரும்."

செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குள்ளிருந்து என் மாமியார் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "எதைட்டி துப்புச்சு?"

நான் அவசர அவசரமாகக் கோமுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தேடிப் போய்விட்டேன். மாமியாரிடம் சொல்ல முடியாத விஷயத்தை வேறு எங்கேதான் சொல்வது? பத்திரிகையில்தான். அவர் தொடர்கதையை மட்டும்தான் படிப்பார் என்ற தைரியம்...

கோமுவின் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அவர் புறப்பட்டபோது கோமு என் வயிற்றில். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார்கள். ஒருவழியாக எங்களை வரவழைத்துச் சில மாதம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. சென்னையிலிருந்து கப்பல். நடுவில் பினாங்கில் ஒரு நாள் நிற்கும்.

வழியனுப்ப ரயிலடிக்கு வந்த மாமியார் எனக்கு இரண்டே இரண்டு உத்தரவு போட்டார்.

"ஏட்டி, பாஸ்போர்ட்ட தொலைச்சிராத. புள்ளைய எலும்பும் தோலுமா கொண்டுபோயி எம்மவன் முன்னால நிறுத்திராத."

சொல்லிவிட்டு, ஒரு பெரிய பால்பவுடர் டப்பா நிறைய முறுக்கைக் கொடுத்தார்.

என் மாமியார் கைமுறுக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். குழம்பு ருசியாக வைப்பார். அதிரசம் வாயில் கரையும். ஆனால் முறுக்கு... எங்கள் வீட்டில் அதை யாரும் கடிப்பதில்லை. காப்பியில் ஊறவைப்போம். ஊறும் நேரத்தில் ஒரு வேலையை முடித்துவிடலாம். விருந்தாளிகள் ஒன்றை எடுத்தால் போகும்போதும் அது கையில் இருக்கும்.

பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது? யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்துவிட்டது. பெட்டியில் வைத்தால் பெட்டியைத் தூக்கிவிட்டால்? கைப்பையில் வைத்தால் பையை அறுத்துவிட்டால்? கடைசியில் எங்கள் பக்கத்துப் பெண்களின் புத்திதான் கைகொடுத்தது. கம்மல் உளுந்துக்குள்ளே, சங்கிலி அரிசிக்குள்ளே, சில்லறை கடுகுக்குள்ளே. திருடன் அடுப்படி டப்பாவைத் திறக்கமாட்டான் என்பது எங்கள் ஊரில் வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆகவே பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, முறுக்கு டப்பாவின் அடியில் வைத்து மூடினேன். மகள் படமும் அதே பாஸ்போர்ட்டில்தான் ஒட்டியிருந்தது. எந்தத் திருடன் முறுக்குத் திருடுவான்? அதுவும் இந்த முறுக்கை?

முதல் உத்தரவுக்கு வழி செய்தாயிற்று. இரண்டாவதுதான் தொல்லை. கப்பல் ஆட ஆட கோமு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். ரசஞ்சாதம், பிஸ்கட், பால் — எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளுக்கு நாள் அவள் கன்னம் வற்றுவதுபோல எனக்குத் தோன்றியது. உண்மையிலேயே வற்றியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? தெரியவில்லை. கையில் இருந்த கடைசி ஆயுதம் அதுதான்.

"வாயைத் திற. இல்லேன்னா குரங்குக்குக் குடுத்துருவேன்."

நடுக்கடலில் ஏது குரங்கு? கோமு மேல்தளத்தில் எல்லாப் பக்கமும் தேடிவிட்டு வந்து கேட்பாள். "எங்கம்மா குரங்கு?"

"வரும். கரை வந்ததும் வரும்."

பொறுமைசாலிப் பிள்ளை. காத்திருந்தாள்.

பினாங்கில் இறங்கும்போது பாஸ்போர்ட்டைக் கப்பல் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். முன்பின் தெரியாதவர் கையிலா? நான் டப்பாவோடு இறங்கினேன்.

கூட வந்தவர்கள் வாசுதேவநல்லூர்க்காரர்கள். பாக்கியம் அக்காவும் அவர் கணவர் பொன்னையா அண்ணாச்சியும். அண்ணாச்சிக்கு ஊரில் பலசரக்குக் கடை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போகிறார்கள். பக்கத்துப் படுக்கை என்பதால் கப்பலிலேயே சொந்தமாகிவிட்டார்கள்.

எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, தாவரவியல் பூங்காவுக்கு என்று சொன்னது நான்தான். பாளையங்கோட்டைக் காலேஜில் தாவரவியல் படித்தவள் வேறு எங்கே போவாள்? வாடகைக் காரில் போய் இறங்கினோம். பின்னால் பச்சை மலை, நடுவே ஓடை, வெட்டிவிட்ட புல்வெளி, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை. எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்து உடம்பெல்லாம் புல்லரித்தது. பாக்கியம் அக்காவுக்கு ஒன்றும் அரிக்கவில்லை.

"ஏ தங்கச்சி, இது தூங்குமூஞ்சி மரம்லா? எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல நிக்குதே. இதுக்கா கார் வாடகை?"

"அக்கா, இதோட தாவரவியல் பேரு..."

"பேரு என்னமும் இருக்கட்டும். தூங்குதுல்லா?"

அடுத்தாற்போல் நாகலிங்க மரம். அடிமரம் முழுக்கப் பூ. என்னால் தாங்க முடியவில்லை. கோமுவைப் புல்லில் உட்காரவைத்து, டப்பாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பலகையைப் பார்க்காமலேயே "கௌருபிடா கயானென்சிஸ்!" என்று முழங்கினேன். பலகையில் அதேதான் இருந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு பெருமை. அண்ணாச்சி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இதழடுக்கு, மகரந்தம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

பின்னால் கோமுவின் குரல் கேட்டது. சமத்தான குரல்.

"இந்தா. அம்மா குடுக்கச் சொன்னாங்க."

திரும்பினேன். என் மகள் இரண்டு கையாலும் டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கொழுத்த ஆண்குரங்கு அதை வாங்கிக்கொண்டிருந்தது.

பறிக்கவில்லை, ஐயா. திருடவில்லை. முறைப்படி கொடுக்கப்பட்டது, முறைப்படி பெற்றுக்கொண்டது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

"பாஸ்போர்ட்டு!" என்று அலறினேன்.

"முறுக்குல்லா?" என்றார் அக்கா.

"முறுக்குக்கு அடியில பாஸ்போர்ட்டு!"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் படிச்சிருக்கே!"

அண்ணாச்சி செருப்பைக் கழற்றி ஓங்கினார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "எறியாதிய. அதையும் அது வச்சுக்கிடும். பொறவு வெறுங்காலோடயா சிங்கப்பூர்ல எறங்குவிய?"

பூங்காக் காவலாளி ஓடிவந்தார். மலாய்க்காரர். "பாஸ்போர்ட்" என்ற சொல் அவருக்கும் புரிந்தது. ஒரு நீளக் கம்பைக் கொண்டுவந்தார். குரங்கு இன்னும் ஒரு கிளை மேலே போயிற்று. நான் கம்பைக் கீழே போடச் சொல்லிக் கும்பிட்டேன். இன்னும் ஒரு கிளை போனால் அப்புறம் மலைதான்.

சாயங்காலம் கப்பல் புறப்பட்டுவிடும். பாஸ்போர்ட் இல்லாமல் என்ன ஆவோம்? திருப்பி அனுப்புவார்களா? இங்கேயே உட்காரவைப்பார்களா? சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒருவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு காத்துக்கொண்டிருப்பார். பொன்னையா அண்ணாச்சி மட்டும் இறங்கிப்போய் அவரிடம் என்ன சொல்வார்? 'தம்பி, உங்க சம்சாரம் நாகலிங்கப்பூவுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தாக...'

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமு மட்டும் ஆவலோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக அம்மா சொன்னது நடந்துவிட்டதே!

மேலே டப்பா மூடி திறந்துகொண்டது. கரண்டிக் காம்பு இல்லாமல் நான் ஒருநாளும் திறந்ததில்லை. அது கிளையில் ஒரு தட்டுத் தட்டித் திறந்தது. ஒரு முறுக்கை எடுத்தது. கடித்தது.

'கடக்!'

சத்தம் கீழேவரை கேட்டது. குரங்கு அப்படியே நின்றது. முறுக்கை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மறுபக்கம் கடித்துப் பார்த்தது. 'தூ' என்று துப்பியது. பிறகு குனிந்து எங்களைப் பார்த்தது பாருங்கள்... அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அனுதாபம்!

முறுக்குகள் ஒவ்வொன்றாக எங்கள் தலையில் விழுந்தன. அடுத்து டப்பா விழுந்தது. குரங்கின் கையில் மிச்சமிருந்தது பாஸ்போர்ட். பிளாஸ்டிக் காகிதத்தைக் கிழித்து எறிந்தது. மூலையை வாயில் வைத்தது. முறுக்கைவிட எவ்வளவோ மிருது என்று கண்டுகொண்டது. முகத்தில் ஒரு நிம்மதி. சவைக்க ஆரம்பித்தது.

"ஐயோ, திங்குதே!"

வாயில் வைக்கக் கூடாததை வாயில் வைத்துக்கொண்டு கீழே இறக்க மாட்டேன் என்கிற ஒரு ஜீவன். இதை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேனே? தினமும் வீட்டில் பார்க்கிறேன். அப்படிப்பட்ட ஜீவனிடம் மிரட்டல் பலிக்காது, கெஞ்சல் பலிக்காது. பலிக்கிற வித்தை ஒன்றுதான்.

கோமுவைத் தூக்கி அக்கா இடுப்பில் கொடுத்தேன். கீழே கிடந்த முறுக்கு ஒன்றை எடுத்துத் துடைத்தேன். குரங்கைப் பார்க்காத மாதிரி மரத்தடியில் உட்கார்ந்து, "ஆகா... என்ன ருசி! கோமுவுக்கு இல்ல, யாருக்கும் இல்ல, எல்லாம் அம்மாவுக்கே!" என்று கடிப்பதுபோல நடித்தேன்.

அக்காவுக்கு நொடியில் புரிந்துவிட்டது. நாலு பிள்ளை வளர்த்தவர். "எனக்கு எனக்கு!" என்று அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். "ஏங்க, நீங்களும் தின்னுங்க!"

"ஏளா, எனக்குக் கட்டுப்பல்லுல்லா..."

"நக்கவாவது செய்யுங்க! ருசியா நக்குங்க!"

சங்கரன்கோவில் பட்டதாரி ஒருத்தி, வாசுதேவநல்லூர் வியாபாரி ஒருவர், அவர் சம்சாரம். மூவரும் வெளிநாட்டுப் புல்தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, முறுக்கை நக்கிக்கொண்டிருந்தோம். காவலாளி கம்பை ஊன்றிக்கொண்டு வாய்பிளந்து பார்த்தார். பாவம், அவருக்கும் ஒன்று கொடுத்தோம்.

மேலே சவைப்பது நின்றது. குரங்கு யோசித்தது. தான் துப்பியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்ற சந்தேகம் அதற்கு வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் போதும், பிள்ளைகள் இறங்கிவிடும்! ஒரு கிளை இறங்கியது. இன்னொரு கிளை. என் முறுக்கை நான் சற்றுத் தள்ளிப் புல்லில் வைத்தேன். கடைசித் தாவலுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது போலும். பாஸ்போர்ட்டைக் கைவிட்டது.

அண்ணாச்சி அதன்மேல் குப்புற விழுந்தார். சாக்கு மூட்டைமேல் விழுந்து பழகியவர்போல அத்தனை நேர்த்தி.

குரங்கு முறுக்கை எடுத்து இன்னொரு முறை கடித்தது. 'கடக்'. துப்பிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டது. எங்களை அது மன்னித்திருக்கும் என்று தோன்றவில்லை.

கப்பலைப் பிடித்துவிட்டோம். ஆனால் பாஸ்போர்ட்டின் மூலையில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு உள்ளே விடுவார்களா? சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை நான் தூங்கவில்லை. பல்தடத்தைத் தலையணைக்கடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். போகவில்லை.

சிங்கப்பூரில் அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். கை நின்றது. பாஸ்போர்ட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெருங்காய வாசனை. நிமிர்ந்து பார்த்தார். காலேஜில் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. "மங்கி" என்றேன். "பினாங்கு... கார்டன்..."

இடுப்பில் கோமு சிணுங்க ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் அவள் காதில், "பேசாம இரி, இல்லேன்னா இந்த மாமாட்ட புடிச்சுக் குடு..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். கொடுக்க வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கோமுவோ சொன்ன சொல் தவறாதவள்.

அதிகாரி, பாஸ்போர்ட்டைப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார். இருவரும் பல்தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். முதலில் ஒருவர் தோள் குலுங்கியது. அப்புறம் மற்றவர் தோள். முத்திரை விழுந்தது. பல்தடத்தில் படாமல், ஜாக்கிரதையாக.

வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். புதுச்சட்டைதான். கையில் ஒரு பெரிய பொம்மை. மகளைப் பார்த்ததும் பொம்மையை நீட்டினார். கோமு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். 'எலும்பும் தோலுமா...' என்று சொல்வாரோ என்று பயந்தேன். அவர் அதையெல்லாம் கவனித்தது போலவே தெரியவில்லை. நீட்டிய பொம்மையோடு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கழித்துக் கோமு தலையைத் தூக்கினாள். அவரை உற்றுப் பார்த்தாள். கவுன் பையில் கையை விட்டு, பினாங்கில் எப்போது எடுத்து வைத்தாளோ, ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கினார். பார்த்ததும் கண்டுகொண்டார். "அம்மா சுட்டதா?" என்றார். கடித்தார்.

'கடக்!'

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது அவர் சவைத்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர். முறுக்கினாலா மகளாலா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கோமு மூச்சுவிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டும் உள்ளே போயிற்று.

என் மகள் என் பக்கம் திரும்பி, ஆச்சரியம் தாங்காமல் கத்தினாள்:

"அம்மா... அப்பா துப்பல!"