அப்பா கொண்டுவந்த வெள்ளைக் கவுன்கள்

புது வலைத்துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் கடைத்தூசியும் கலந்து மூக்கை லேசாக அரிக்கும். அப்பா மும்பையிலிருந்து கொண்டுவந்த மூட்டைகளை முன்னறையில் பிரித்த அன்று எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். உள்ளே எல்லாம் வெள்ளைக் கவுன்கள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதை எங்கள் பக்கம் "புதுநன்மை" என்போம். அந்த நாளில் பெண்பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் கவுன்கள் அவை.

அப்பாவுக்குக் கப்பல் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். நாங்கள் அவரிடம் கூச்சம் தெளிந்து பேச ஆரம்பிப்பதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும். அந்த முறை வந்தவர் இனிமேல் கப்பலேறப் போவதில்லை, ஊரிலேயே ஏதாவது வியாபாரம் பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு விடும் நேரத்துக்குக் கோயில் வாசலில் வந்து நிற்பார். "ஏளா, ஒங்கூட புதுநன்மை வாங்குத பொம்பளப் பிள்ளைய எத்தன பேரு?" என்று கேட்பார், நான் விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். பஸ் பிடித்து, வேம்பார் வரைக்கும் கடற்கரைக் கோயில்கள் ஒவ்வொன்றிலும் இறங்கி விசாரித்தார். கன்னியர் மடத்து விடுதிப் பிள்ளைகளுக்கு மடத்திலேயே தைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர்களைக் கழித்தார். அப்படியும் பயந்துகொண்டு, வந்த எண்ணிக்கையில் பாதிக்குத்தான் சரக்கு எடுத்தார். அம்மாவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. மூட்டையைக் கண்டதும் அவள் முகம் மலரும் என்று நினைத்திருப்பார், பாவம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கயிறு கட்டிக் கவுன்களைத் தொங்கவிட்டார். தெருப் பெண்கள் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், பூவேலையை மெச்சினார்கள், அம்மா கொடுத்த காபியைக் குடித்தார்கள், "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் வாங்கவில்லை. விலை கூடிப்போயிற்றோ என்று குறைத்துப் பார்த்தார். அதற்கும் யாரும் அசையவில்லை.

ஒரு சாயங்காலம் மாமி, அதாவது அம்மாவின் அண்ணன் மனைவி, பாலித்தீன் பையில் ஒரு கவுனோடு வந்தாள். அவள் மகள் போன வருஷம் போட்டது. நீலம் போட்டுத் துவைத்து எனக்காகக் கொண்டுவந்திருந்தாள். கயிற்றில் தொங்கியவற்றைப் பார்த்ததும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. ஆனாலும் நீட்டினாள். அம்மா எழுந்து வாங்கிக்கொண்டாள்.

மாமி போனபிறகு அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு சொன்னா அண்ணன் முகத்துல முழிக்க முடியுமா?" என்றாள் அம்மா. "இந்தத் தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான். அக்கா போட்டது தங்கச்சிக்கு, மாமி வீட்டுது நம்ம வீட்டுக்கு. நீங்க ஊர்ல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். அப்பா கோபப்படவில்லை. பிள்ளைகளை எண்ணினாரே தவிர, வீட்டுக்கு வீடு பெட்டியில் மடித்துவைத்திருந்த கவுன்களை எண்ண அவருக்குத் தோன்றவில்லை. அதெல்லாம் பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளும் விஷயம். கடலில் கிடக்கிற மனுஷனுக்கு யார் போய்ச் சொல்வது? கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ எதப் போடுத?" என்று கேட்டார். எதைச் சொன்னாலும் ஒருவர் முகம் சுருங்கும். "சரி, மாமி கவுனையே போட்டுக்க," என்று அவரே சொன்னார்.

மதுரைக் கடைக்காரர் ஒருவர் அத்தனையையும் தான் கேட்ட அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். புதுநன்மை முடிந்த வாரமே அப்பா கப்பலேறக் கிளம்பிவிட்டார். ரயில் நிலையத்தில், போக வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லி மட்டும் என்ன ஆகியிருக்கும்?

இன்று எங்கள் தெருவில் யாரும் கவுனைக் கைமாற்றுவதில்லை. என் மகளுக்கே போனில் பார்த்துத்தான் வரவழைத்தோம். ஒருநாள் போட்டாள், அதோடு சரி. அது உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்று தெரிந்தவர்களிடம் கேட்கக்கூட நாக்கு எழவில்லை. அப்பா கணக்குப் போட்ட வியாபாரத்தை இப்போது யார் யாரோ செய்கிறார்கள்.

அப்பா ஓய்வு பெற்று வீட்டோடுதான் இருக்கிறார். நான் போனால், "வா, சாப்ட்டியா?" என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். அதற்குமேல் மகளிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.