பிள்ளையை யாரிடம் கொடுப்பது

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு காட்டமான வாசனை... பெங்களூர் சிவாஜிநகரில் என் ஸ்டேஷனரி கடையில் இன்று அதை டஜன் டஜனாக விற்கிறேன். முதன்முதலில் அந்த வாசனையைப் பிடித்தது தொம்மலூரில், ஒரு சர்ச் ஹாலில், தரையில் விரித்த சார்ட் பேப்பருக்கு முன்னால் உட்கார்ந்து.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஸ்கூல் விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற, லீவில் சம்மர் கேம்ப் நடத்துகிற சென்டருக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று நாள் டிரெய்னிங். தேறினால்தான் வேலை.

நாலு தம்பி தங்கச்சிகளை வளர்த்தவள் நான். பிள்ளைகளோடு விளையாட எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற திமிரோடுதான் போனேன்.

போனால்... விசில் ஊதாமல் முப்பது பிள்ளைகளை எப்படி அமைதியாக்குவது, சண்டை போட்ட இரண்டு பேரை எப்படி உட்காரவைப்பது, தோற்ற டீமிடம் முதலில் என்ன பேசுவது... இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதா! கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். டிரெய்னர் சாந்தா மேடம் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "அம்மா தாயி, டீ குடிக்கிறப்பவாவது என்ன விடு" என்று கும்பிட்டார்.

மூன்றாம் நாள், வாசல் கேட்டில் நிறுத்திவைத்து ஒரு பரீட்சை. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர், சென்டர் கொடுத்த மஞ்சள் கார்டைக் காட்ட வேண்டும். கார்டு இல்லையென்றால் பிள்ளை இல்லை. என்னோடு டிரெய்னிங்கில் இருந்த மேரிதான் பிள்ளையாக நடித்தாள். கேட்டில் நான்.

ஒரு பெரியவர் வந்தார். கார்டு கேட்டேன். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "நீ தங்கவயலாம்மா? பேச்சுலயே தெரியுதே. எந்த லைன்?" என்றார்.

எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு லைன் என்று பெயர். ஊர்க்காரர்கள் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி அதுதான். சொன்னேன்.

"அட, நம்ம பக்கத்து லைனு! உங்கப்பா எந்த ஷாஃப்ட்டு?"

அப்பா இறங்கிய சுரங்கக் குழியின் பேரையும் சொன்னேன். அடுத்த நிமிஷம் அவர் எனக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டார். மேரியின் கையைப் பிடித்து நானே அவரிடம் கொடுத்து, "பாத்துப் போங்க சித்தப்பா" என்று வழியும் அனுப்பிவிட்டேன்.

ஹாலே சிரித்தது. அவர் தங்கவயல்காரரே இல்லை. எதிர்க் கடையில் டீ போடுகிறவர், மேடம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அடிப்பாவி, லைன் பேரக் கேட்டதும் என்னயே தூக்கிக் குடுத்துட்டியே!" என்றாள் மேரி.

சாந்தா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "ஊர்ப் பேரு கார்டு இல்லம்மா. நாளைக்கு நிஜமா ஒருத்தன் வந்தா?"

வேலை போச்சு என்று நினைத்தேன். பத்து நாள் பார்க்கிறேன் என்று, மேரியையும் என்னையும் பொம்மனஹள்ளி சென்டருக்கு அனுப்பினார். எனக்குக் கேட் டியூட்டியே!

ஏழாவது நாள், மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பிரியாவ அனுப்புங்க. நான் அவ மாமா. அவங்கம்மா கார்மெண்ட்ஸ்ல மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரில பொண்ணக் கேக்குறா."

கார்டு? இல்லை. அது மயங்கி விழுந்தவளின் பையில்.

பிரியாவுக்கு எட்டு வயது. அவளைக் கூப்பிட்டு, "இவரு உன் மாமாவா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். "நிஜமாவா?" ஆமாம். "நல்லாப் பாத்துச் சொல்லு..." மூன்றாவது தடவை அழுதுவிட்டாள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? அங்க என் தங்கச்சி எப்படிக் கிடக்காளோ, நீ கார்டு கார்டுங்குற!" என்று அவர் கேட்டை உலுக்கினார்.

என் வேலை கிடக்கட்டும். தப்பான ஆளாக இருந்தால் பிள்ளை போய்விடும். அனுப்பாவிட்டால், அம்மாவை அவள் கடைசியாகப் பார்க்காமலே போகலாம். டிரெய்னிங்கில் இதற்கு பதில் இல்லை.

கேட்டை மேரியிடம் விட்டேன். "அண்ணா, ஆட்டோல நீங்க முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காருங்க. நானும் வரேன்."

ஆட்டோவில் வழி நெடுக அவர் திட்டிக்கொண்டே வந்தார். நான் பிரியாவின் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்து அண்ணனையும் மகளையும் பார்த்தார். முதல் வார்த்தையே, "கார்டு எங்கிட்ட இருக்குதே... கார்டு இல்லாம எப்படி விட்டாங்க?"

"விடலக்கா. நானும் கூடவே வந்துட்டேன்" என்றேன் கதவோரத்திலிருந்து.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா சேந்தீங்க ரெண்டு பேரும்" என்று அந்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

டியூட்டியை விட்டுப் போனதற்கு மேடமிடம் திட்டு கிடைத்தது. வேலையும் நிலைத்தது.

போன வாரம் என் மகனைச் சம்மர் கேம்ப்பிலிருந்து கூட்டிவரப் போனேன். இப்போது கார்டு இல்லை, போனில் ஓடிபி. என் போனில் சார்ஜ் இல்லை.

"சாரி மேம்" என்றாள் கேட்டில் நின்ற பெண்.

"அதோ நிக்கிறானே, அவனையே கேளும்மா."

"பசங்கள கேக்கக் கூடாது மேம். பெரியவங்க முடிவ அவங்க தலையில வைக்கக் கூடாதுன்னு டிரெய்னிங்ல சொல்லியிருக்காங்க."

அவள் சார்ஜரிலேயே போனைப் போட்டுவிட்டு, சார்ஜ் ஏறும்வரை அவளைக் குடைந்து குடைந்து கேட்டேன். டிரெய்னிங் முழுக்க ஆன்லைன் வீடியோவாம், கடைசியில் பத்துக் கேள்வியாம். சார்ட் பேப்பர் கிடையாது, டீக்கடைக்காரர் கிடையாது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அவளுக்குத் தெரிந்த இந்த ஒன்று, அந்த மூன்று நாளில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை...

அன்று நான் மூன்றாவது தடவை கேட்டதும் பிரியா அழுதது அம்மாவை நினைத்து என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.