உரக்கப் படித்த கடவுச்சொல்

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ‘கிரிப்டோகிராஃபி அண்ட் நெட்வொர்க் செக்யூரிட்டி’ என்றொரு பாடம். வகுப்பில் அதில் நான்தான் முதல். அந்தத் திமிரில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

உத்திரமேரூரில் கல்லூரிப் பேருந்து ஏறும் நான், திருமுக்கூடலில் ஏறுகிற தோழிக்கு இடம் பிடித்து வைப்பேன். அவளுடையது விவசாயக் குடும்பம், அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். பேருந்து ஆட்டத்திலேயே அவளுக்குக் கணக்குகளைப் போட்டுக் காட்டுவேன். அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து தருவாள்.

அன்று ஆய்வகத்தில், நெட்வொர்க்கில் ஓடும் தகவல்களைப் பிடித்துத் திரையில் காட்டும் மென்பொருளைப் பழகிக்கொண்டிருந்தோம். அவரவர் கணினியை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் எல்லாருடையதையும் பார்த்தேன். மதிப்பெண் பார்க்கும் எங்கள் தளத்துக்கு எந்தப் பூட்டும் கிடையாது. கடவுச்சொல் எழுத்தெழுத்தாக அப்படியே தெரியும். தோழியுடையது வந்தது. வீட்டுக் கன்றுக்குட்டியின் பெயர், பக்கத்தில் அவள் பிறந்த ஆண்டு. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

“இங்க பாருங்கப்பா, கன்னுக்குட்டி பேரைப் போய் வெச்சிகீறா!” என்று சிரித்தபடி அதை உரக்கப் படித்தேன். பக்கத்திலிருந்த இரண்டு பையன்களும் சிரித்தார்கள்.

மின்னஞ்சலுக்கும் அவள் அதையேதான் வைத்திருந்தாள். பத்து நாளில், அவள் ஒருவனுக்கு எழுதிய கடிதங்கள் வகுப்பின் வாட்ஸப் குழுவில் வந்தன. அவன் வேறு சாதி. சாயங்காலத்துக்குள் அவள் அண்ணனின் ஃபோனுக்கும் போய்விட்டன. மறுநாள் திருமுக்கூடலில் பேருந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து, “யார் வேலை இது? தெரிஞ்சவங்க சொல்லுங்க” என்றார். ஆய்வகத்தில் சிரித்த இருவரில் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாய் திறந்தால் அவனுக்கும் முந்தி நான் மாட்டுவேன். குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கினேன்.

மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“பரிச்சைக்குக் கூப்புட வந்தியாம்மா? அவ இனிமே வரமாட்டா. தையில கல்யாணம். அவ அண்ணன் முடிவு பண்ணிட்டான். உள்ளதான் கீறா, போய்ப் பாரு.”

அவளுடைய இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. எப்படி ஆனதென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“நான்தான்டி லேப்ல ஒன் பாஸ்வேர்டைப் படிச்சிக் காட்டினேன். வெளாட்டுக்குத்தான்...”

“தெரியும்” என்றாள். “அண்ணன் ஃபோனைப் புடுங்கறதுக்கு முன்னாடி என் மெயிலைத் தெறந்த அந்தப் பையனே மெசேஜ் போட்டான், ஒன்னாலதான்னு. நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

“சார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“சொல்லு. எனக்காகச் சொல்றேன்னு மட்டும் நெனைச்சிக்காத. இந்த வூட்ல என்னை இனிமே படிக்க அனுப்பமாட்டாங்க.”

திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். எனக்கும் அந்தப் பையனுக்கும் ஒரு வாரம் இடைநீக்கம். பிறகு இருவரும் தேர்வு எழுதினோம், தேறினோம். தையில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

இப்போது ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பாதுகாப்புதான் என் வேலை. நேர்காணலில், இந்தத் துறையில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். எங்கள் கல்லூரியில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள் என்று சொன்னேன்.