முகில்மொழி யாருடைய பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை, கண்ணால் பார்க்காததை நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

வெகுகாலம் காத்திருந்து வயிற்றில் தங்கிய பிள்ளை அது. பெண்ணாகப் பிறந்தால் என்ன பெயர் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தினமும் சண்டை. அவருக்குத் தேன்மொழி, எனக்கு முகிலினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூரிலிருந்து பைக்கில் வரும்போது, "உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், ரெண்டையும் சேத்து முகில்மொழின்னு வெச்சுப்போட்டா என்ன?" என்றார். காற்றில் சரியாகக் காதில் விழாமல் மறுபடி சொல்லச் சொன்னேன். அதுதான் அந்தப் பெயர் பிறந்த இடம். நாங்களாக ஒட்டவைத்தது, அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதே இல்லை. பொறக்கறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே என்றார். நானும் விடவில்லை.

கொழுந்தன் மனைவி கவிதாவும் அப்போது முழுகாமல் இருந்தாள், எனக்கு முன்னால் அவளுக்குப் பெண் பிறந்தது. தாராபுரத்தில் அவள் அம்மா வீட்டில் பெயர் வைத்தார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கொழுந்தன் குனிந்து குழந்தையின் காதில் சொன்னான், முகில்மொழி, முகில்மொழி, முகில்மொழி. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் என்ன கேட்பது, இலையில் உட்கார்ந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது.

"கம்பெனியில பேச்சுவாக்குல எவகிட்டயோ சொல்லிப்போட்டே, அது சுத்திச் சுத்தி அங்க போயிருச்சு."

"ஏனுங்க, நீங்க உங்க தம்பியோட குடிக்கறப்ப ஒளறிட்டு எம்மேல பழி போடறீங்களா?"

பழனி முருகன் மேல் சத்தியம் என்று அவர் கற்பூரத்தை ஏற்றி அடித்தார். நான் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாராபுரத்துக்கு பஸ் ஏறினேன். நல்ல வெயில் நேரம், கவிதா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். யார் சொன்னது என்று நேராகக் கேட்டேன். அவள் பதறவேயில்லை.

"உங்களுக்குத் தெரியும்னுதானுங்கக்கா நெனச்சேன். ஆஸ்பத்திரியில ஒருநாள் மத்தியானம் ஒரு பாப்பா வந்துச்சு. நாலஞ்சு வயசிருக்கும், உங்க ஜாடை அப்படியே. உங்க சொந்தத்துல ஆரு புள்ளையோன்னு நெனச்சேன். தொட்டிலை எட்டிப் பாத்துட்டு, 'முகில்மொழிங்கறது எம்பேரு, எனக்கு வேண்டாம், இவளுக்கு வெச்சுக்கங்க'ன்னுச்சு. நீங்கதான் சொல்லி அனுப்பியிருக்கீங்கன்னு சந்தோசமா வெச்சுப்போட்டோம்."

என் சொந்தத்தில் அந்த வயதில் பெண் குழந்தையே கிடையாது. எடுத்ததையும் எடுத்துவிட்டுக் கதை கட்டுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "திருடி" என்று சொல்லிவிட்டு அவள் நீட்டிய தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்த வாரமே வயிற்றில் அசைவு நின்றது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையை எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தார், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது கூப்பிட்டு அழக்கூட என்னிடம் பெயர் இல்லை. இருந்த ஒன்றையும் ஊரே வேறொரு குழந்தைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமியார், "பச்சைப்புள்ளக்காரியை வாய்க்கு வந்தபடி பேசுனே, சும்மா விடுமா?" என்றார். பெயரை வெளியே சொன்னது நான்தான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நினைக்கிறார், சோற்றைப் போடும்போது அவர் முகத்தில் தெரியும். அதற்கப்புறம் எங்களுக்குக் குழந்தையும் இல்லை, பேச்சும் அவ்வளவாக இல்லை. எனக்குக் கோபம் மட்டும் போகவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிதற்றுகிறாள் என்று விட்டுவிடுங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்வரைக்கும். கவிதாவின் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மண்டபத்தில் எனக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் காலி நாற்காலி. "முகிலு, இங்க வா கண்ணு" என்று கவிதா தூரத்திலிருந்து கூப்பிட்டாள்.

குழந்தை எழவில்லை. பக்கத்துக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகக் கேட்டது:

"உன்னையக் கூப்பிடறாங்களா, என்னையவா?"